எட்டாயிரம் ரூபாய் போன் வாங்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்: செல்போன்

போன இதழில் செல்போன் சம்பந்தமாக எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், கேட்கும் ஆள் மட்டும் வேறு வேறு: பத்தாயிரத்துக்குள் போன் வாங்கினால் தாங்குமா, காசு வீணாகிவிடுமா? பத்தொன்பது வருஷமாகச் சர்வீஸ் கடையில் இந்தப் போன்களைப் பிரித்து மாட்டுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. இதுவரை பட்டன் போன்தான். இப்போது பேரனை வாட்ஸ்அப்பில் பார்க்க வேண்டும் என்கிறார். கடையில் 8,000 ரூபாய்க்கு ஒன்று காட்டினார்கள். 5ஜி, 50 மெகாபிக்சல், 8 ஜிபி ரேம் என்று அட்டையில் போட்டிருக்கிறது. "அந்த விலைக்கு வாங்கினா ஆறு மாசத்துல தூக்கிப் போடணும்" என்கிறான் தம்பி. வாங்கலாமா?
– மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி

பதில்: வாங்கலாம். உங்கள் அம்மா செய்யப்போகும் வேலைக்கு எட்டாயிரம் ரூபாய் போன் தாராளமாகப் போதும். தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் இந்த விலையில் நல்ல போனும் உண்டு, ஆறே மாசத்தில் அழவைக்கும் போனும் உண்டு, இரண்டும் கடைக் கண்ணாடிக்குள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

முதலில் அந்த 8 ஜிபி. அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் 4+4 என்று இருக்கும். நிஜமான ரேம் 4 ஜிபிதான். ரேம் என்பது சமையல் மேடை, ஸ்டோரேஜ் என்பது பரண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரணில் நான்கு அடி இடத்தை ஒதுக்கிவிட்டு, மேடையே எட்டு அடி என்று கணக்குச் சொல்கிறார்கள். பாத்திரம் வேண்டும்போதெல்லாம் ஏணி போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டும். வாங்கும்போது முதல் எண்ணை மட்டும் பாருங்கள், கூட்டல் குறிக்கு அப்புறம் வருவதை மறந்துவிடுங்கள். அம்மாவுக்கு 4 போதும். 2, 3 என்று இருந்தால் வேண்டாம்.

அடுத்தது, அட்டையில் யாரும் பெரிதாகப் போடாத விஷயம்: ஸ்டோரேஜ் எந்த வகை. மலிவு போன்களில் பெரும்பாலும் இஎம்எம்சி, கொஞ்சம் விலை கூடினால் யூஎஃப்எஸ். இஎம்எம்சி என்பது ஒற்றை வண்டிப் பாலம். எதிரே ஒரு வண்டி வந்தால் இந்தப் பக்கத்து வண்டி நின்றுதான் ஆக வேண்டும். உள்ளே இருக்கும் தகவலைப் படிப்பது, புதிதாக எழுதுவது இரண்டையும் ஒரே நேரத்தில் அதனால் செய்ய முடியாது. யூஎஃப்எஸ்ஸில் இரண்டு பக்கமும் வண்டி ஓடும். கடையில் புதுப் போனைத் தொட்டுப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் ஓடும், உள்ளே ஒன்றும் இல்லையே. ஆறு மாசம் போகட்டும். ஒரு பக்கம் வாட்ஸ்அப் படங்களை இறக்கிக்கொண்டிருக்கும், இன்னொரு பக்கம் பிளே ஸ்டோர் ஆப்களைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும், அந்த நேரம் பார்த்து ஒரு கால் வரும், பச்சைப் பட்டனை இழுக்க இழுக்க எடுக்காமல் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும். பாலத்தில் வண்டி மாட்டிக்கொண்ட நேரம் அது. "போன் ஹேங் ஆகுது" என்று என்னிடம் வருகிற மலிவு போன்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான், போர்டில் ஒரு பழுதும் இருக்காது.

அம்மாவுக்கு இஎம்எம்சியே போதும், ஆனால் 64 ஜிபி வாங்காதீர்கள். ஆண்ட்ராய்டும் கம்பெனி ஏற்றி அனுப்பும் ஆப்களுமே அதில் பதினைந்து, இருபது ஜிபியைப் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் வரும் காலை வணக்கப் படங்கள் நிரப்பிவிடும். படம் வைக்க இடமில்லை என்பதோடு அது முடிவதில்லை. காலி இடம் குறையக் குறைய அந்த ஸ்டோரேஜ் சிப் எழுதவே திணறும், போன் முழுக்க மந்தமாகும். 128 ஜிபிக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கேட்டால் யோசிக்காமல் கொடுங்கள்.

50 மெகாபிக்சலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயிலில் எடுத்தால் நன்றாக வரும், ராத்திரி மண்டபத்தில் எடுத்தால் முகம் மாவு அப்பியதுபோல வரும். பேரனோடு வீடியோ காலில் பேச முன்பக்கக் கேமராதான் வேண்டும், அது இந்த விலையில் சுமாராக இருந்தாலும் போதும்.

என் கவலையெல்லாம் வேறு இடத்தில். அம்மா இன்றைக்குப் பேரனைப் பார்க்கத்தான் போன் கேட்கிறார். மூன்று மாசம் போனால் கேஸ் புக் செய்வார், மகளிர் உரிமைத் தொகை ஏறிவிட்டதா என்று பார்ப்பார், அப்புறம் ஜிபே கற்றுக்கொள்வார். அன்றிலிருந்து அந்தப் போன்தான் அவருடைய பேங்க் பாஸ்புக். அதற்குக் காவல் வேண்டும். அந்தக் காவலைத் தருவது கம்பெனி அவ்வப்போது அனுப்பும் செக்யூரிட்டி அப்டேட். மலிவு போன்களில் கம்பெனிக்காரர்கள் முதலில் கை வைப்பது இதில்தான், கண்ணுக்குத் தெரியாதே. கடையில் டெமோ போனை வாங்கி, செட்டிங்ஸில் அபவுட் போன், அதற்குள் ஆண்ட்ராய்டு வெர்ஷன் என்று போய்ப் பாருங்கள், செக்யூரிட்டி அப்டேட் எந்தத் தேதியோடு நிற்கிறது என்று இருக்கும். வைஃபையில் அப்டேட் தேடச் சொல்லியும் அந்தத் தேதி ஒரு வருஷம் பழையதாகவே நின்றால் அந்த மாடலைக் கம்பெனி கைகழுவிவிட்டது என்று அர்த்தம், விலை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வேண்டாம். மலிவு போனுக்கு அப்டேட் கொடுக்கவே முடியாது என்பதெல்லாம் சும்மா. 2025 பிப்ரவரியில் பத்தாயிரத்துக்குள் வந்த சாம்சங் கேலக்ஸி எஃப்06 5ஜிக்கு நான்கு வருஷ செக்யூரிட்டி அப்டேட் என்று அந்தக் கம்பெனியே அறிவித்தது. மற்ற கம்பெனிகளையும் "எத்தனை வருஷம்?" என்று கேளுங்கள். கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால் கம்பெனி இணையதளத்தில் காட்டச் சொல்லுங்கள்.

என் கடைக்குப் பக்கத்தில் கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் ஒரு அம்மா இருக்கிறார். மகன் வாங்கிக்கொடுத்த ஆறாயிரத்துச் சொச்சம் போனைக் கொண்டுவந்து, "தம்பி, இது தானாப் பேசுதுப்பா" என்றார். வாங்கிப் பார்த்தால் பூட்டிய திரையிலேயே வீடியோ விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. வாழைநார் பிடித்த ஈரக் கையால் அவர் போனை எடுக்கும்போதெல்லாம் எங்கெங்கோ விரல் பட்டு, அவர் கேட்காமலே ஏழெட்டு விளையாட்டு ஆப்கள் ஏறியிருந்தன, கூடவே இரண்டு கடன் ஆப்கள். அதில் ஒன்று அவருடைய போன் நம்பர் பட்டியலையும் எஸ்எம்எஸ்களையும் படிக்க அனுமதி வாங்கி வைத்திருந்தது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கிக் கொடுத்தேன். நல்ல வேளை, பணம் போகவில்லை. போயிருந்தால் மறுநாள் காலை மார்க்கெட்டில் பூ எடுக்க அவர் கையில் முதல் இருந்திருக்காது. விலை குறைந்த போனில் விளம்பரம் இருந்தால்தான் என்ன என்று சொல்கிறவர்களிடம் நான் இந்த அம்மாவைத்தான் சொல்வேன்.

ஆகவே போன் வாங்கிய அன்றே நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சில வேலைகளை முடித்துவிட்டுத்தான் அம்மா கையில் கொடுக்க வேண்டும். பூட்டுத்திரை விளம்பரத்தை செட்டிங்ஸில் போய் நிறுத்துங்கள். தேவையில்லாத ஆப்களை நீக்குங்கள், நீக்க முடியாததை முடக்கிவையுங்கள். வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். கீபோர்டில் தமிழைச் சேர்த்து, மைக்கைத் தொட்டுப் பேசினால் எழுத்தாக வருவதைக் காட்டிக்கொடுங்கள். தட்டச்சுக்குப் பயந்து போனைத் தொடாத எத்தனையோ அம்மாக்கள் இந்த ஒரு மைக்கால் பழகியிருக்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 8,000 ரூபாய் போன் இரண்டு வருஷம் வந்தால் மாசம் 333 ரூபாய். 11,000 ரூபாய் போன் நான்கு வருஷம் வந்தால் மாசம் 229 ரூபாய். கையில் பணம் இருப்பவர் இரண்டாவதை வாங்கி மிச்சம் பிடிக்கிறார், இல்லாதவர் முதலாவதை வாங்கிக் கூடுதலாகச் செலவழிக்கிறார். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். மூவாயிரம் ரூபாயை வீட்டில் யாராவது சேர்ந்து போட முடியும் என்றால் போடுங்கள். முடியாதா, 4 ஜிபி, 128 ஜிபி, அப்டேட் வருகிற கம்பெனி என்று பார்த்து எட்டாயிரத்துக்கே வாங்குங்கள், தம்பி சொல்வதுபோல ஆறு மாசத்தில் தூக்கிப் போட வேண்டி வராது.

கேள்வி: ஒன்பதாயிரம் ரூபாய்க்கு 5ஜி போன் கிடைக்கிறதே, 4ஜி போனை ஏன் வாங்க வேண்டும்?
– திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இரண்டு கேள்விக்கு விடை தெரிந்துகொண்டு வாங்குங்கள். உங்கள் சிம் எது? மாசம் எவ்வளவுக்கு ரீசார்ஜ் செய்கிறீர்கள்?

சிம் ஏன் என்றால், 2022 அக்டோபரில் இங்கே 5ஜி வந்தபோது ஜியோ தனக்கென்று புதிதாக 5ஜி மையக் கட்டமைப்பு போட்டது, அதற்கு எஸ்ஏ என்று பெயர். ஏர்டெல் இருக்கிற 4ஜி கட்டமைப்பின் மேலேயே 5ஜியை ஏற்றி ஆரம்பித்தது, அது என்எஸ்ஏ. நல்ல போன்கள் இரண்டையும் பிடிக்கும். ஆனால் விலையைக் குறைக்க எஸ்ஏ மட்டும் வைத்த போன்களும் வந்திருக்கின்றன. 2024 நவம்பரில் 8,499 ரூபாய்க்கு வந்த ரெட்மி ஏ4 5ஜி அப்படித்தான், என்எஸ்ஏ கிடையாது என்று கம்பெனியே குறிப்பில் போட்டிருந்தது. ஏர்டெல் சிம்மோடு அதை வாங்கியவர்கள் "5ஜி போன்னு சொன்னாங்க, 4ஜிதான் காட்டுது" என்று சர்வீஸ் கடைகளுக்கு அலைந்தார்கள், போனில் பழுதே இல்லை. கிராமத்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்கலாம். ஜியோவுக்கு 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை இருக்கிறது, தூரத்து டவரிலிருந்தும் சுவரைத் தாண்டி வருவது அதுதான். போன் குறிப்பில் என்28 என்று இருந்தால் அதைப் பிடிக்கும்.

ரீசார்ஜ் ஏன் என்றால், 2024 ஜூலையில் ஜியோவும் ஏர்டெல்லும் கட்டணம் ஏற்றியபோது அளவில்லாத 5ஜியை தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பிளான்களுக்கு மட்டும் என்று வைத்துவிட்டார்கள். அப்போது ஜியோவில் 28 நாளுக்கு தினம் 2 ஜிபி பிளான் 349 ரூபாய், ஒன்றரை ஜிபி பிளான் 299 ரூபாய். 28 நாள் கணக்கில் வருஷத்துக்கு 13 முறை ரீசார்ஜ், 299 என்றாலே 3,887 ரூபாய். மூன்று வருஷத்தில் 11,661. போனைவிட சிம்முக்குத்தான் அதிகம் செலவழிக்கிறோம்! ஆகவே சின்ன பிளானிலேயே காலம் தள்ளுகிறவருக்கு 5ஜியால் பெரிய லாபம் இல்லை, அந்தக் காசுக்கு அதிக ஸ்டோரேஜ் உள்ள நல்ல 4ஜி போனே மேல். நீங்கள் பெரிய பிளான் போடுகிறவர், நான்கு வருஷம் போனை வைத்திருக்கப்போகிறவர் என்றால் இரண்டு வகையும் பிடிக்கும் 5ஜி போனாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: மகன் பாலிடெக்னிக் சேர்ந்திருக்கிறான். என்னால் முடிந்தது 10,000 ரூபாய். புது மலிவு போனா, ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெரிய கம்பெனியின் செகண்ட் ஹேண்ட் போனா?
– காஞ்சிபுரத்திலிருந்து ஒரு தந்தை

பதில்: ஐயா, மூன்று வருஷப் பழைய நல்ல போன் இன்றைய மலிவு போனைவிட வேகமாக இருக்கும், அதில் சந்தேகம் இல்லை. நல்ல சிப், யூஎஃப்எஸ் ஸ்டோரேஜ், நல்ல திரை, எல்லாம் கிடைக்கும். ஆனால் அந்தத் திரை உடைந்தால்? மலிவு போனின் எல்சிடி டிஸ்ப்ளேவை ஆயிரத்து ஐநூறு, இரண்டாயிரத்துக்குள் மாற்றிக் கொடுத்துவிடுவோம். விலை கூடிய போன்களில் வரும் அமோலெட் திரை என்றால் அதுவே நாலாயிரம், ஐயாயிரம் என்று போகும், சில மாடலுக்கு அதற்கும் மேல். பதினேழு வயதுப் பையன், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவன், போனைக் கீழே போடாமலா இருப்பான். உங்கள் கையில் இருப்பது பத்தாயிரம்தான் என்றால் நான் புதுப் போன் பக்கமே நிற்பேன், ஒரு வருஷ வாரன்டியும் கிடைக்கும். பையனுக்கு 6 ஜிபி ரேம் கிடைத்தால் நல்லது.

பழையதுதான் வேண்டும் என்று அவன் அடம்பிடித்தால், பணம் கொடுக்கும் முன் *#06# அடியுங்கள். பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண் வரும், ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண் அது. ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போன் எந்த மாடல், முடக்கப்பட்டதா என்று பதில் வரும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். விற்பவர் சொல்லும் மாடலும் பதிலில் வரும் மாடலும் வேறாக இருந்தால் கையைக் கழுவிவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம், பழைய ஆளின் கூகுள் கணக்கு நீக்கப்பட்டதா என்பதை அங்கேயே ரீசெட் செய்து (எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போன்போல ஆக்கி), உங்கள் கணக்கைப் போட்டு, உள்ளே போன பிறகே பணத்தை எண்ணுங்கள். பில் இல்லாத போன் எவ்வளவு மலிவாக இருந்தாலும் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், திருட்டுப் போன் என்றால் விசாரணை வரும்போது நிற்க வேண்டியது அவன்தான்.

கேள்வி: உணவு டெலிவரி வேலைக்குப் போகிறேன். 9,000 ரூபாய் போன் தாங்குமா?
– கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி

பதில்: தம்பி, உங்களுக்குத்தான் மலிவு போனில் அதிகம் இடிக்கும். நாள் முழுக்க வெயிலில், மேப் ஓடிக்கொண்டே, நெட்டு ஓடிக்கொண்டே இருக்கும் போன் அது. மூன்று விஷயத்தைக் கடைக்கு வெளியே வந்து பாருங்கள், உள்ளே ஏசி வெளிச்சத்தில் தெரியாது.

ஒன்று, திரை. மத்தியான வெயிலில் பிடித்துப் பாருங்கள், மேப்பில் தெருப் பெயர் படிக்க முடியவில்லை என்றால் உங்களுக்கு அந்தப் போன் ஆகாது. இரண்டாவது, திசைகாட்டி. கூகுள் மேப்பைத் திறந்து, நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள். உங்கள் நீலப் புள்ளியிலிருந்து டார்ச் வெளிச்சம்போல ஒன்று கிளம்பி உங்களோடு சேர்ந்து திரும்ப வேண்டும். அது வரவே இல்லை என்றால் போனில் திசைகாட்டி சென்சாரே வைக்கவில்லை என்று அர்த்தம். மலிவு போன்கள் நிறையவற்றில் இதை எடுத்துவிடுகிறார்கள், அட்டையில் சொல்லவும் மாட்டார்கள். வண்டி ஓடும்போது மேப் எப்படியோ சமாளிக்கும், முச்சந்தியில் நிற்கும்போதுதான் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தவிப்பீர்கள், அதற்குள் சாப்பாடு ஆறிவிடும். மூன்றாவது, சார்ஜிங். 5,000 எம்ஏஎச் பேட்டரியோடு 10 வாட் சார்ஜர் கொடுத்தால் முழுசாக ஏற இரண்டரை, மூன்று மணி நேரம் பிடிக்கும். மத்தியானம் அரை மணி நேரம் ஓய்வு கிடைக்கும் உங்களுக்கு 18 வாட்டுக்கு மேல் வேண்டும். இந்தக் காலத்தில் டப்பாவுக்குள் சார்ஜர் இல்லாமலே கொடுக்கிறார்கள், அதையும் கேட்டுவிடுங்கள்.

உங்கள் சம்பாத்தியமே அந்தப் போனில்தான் இருக்கிறது. ஆகவே உங்களுக்கு மட்டும் என் பதில் வேறு: இரண்டு மாசம் பழைய போனை ஓட்டிவிட்டு, பன்னிரண்டு, பதிமூன்று ஆயிரத்துக்கு வாங்குங்கள். மழைக்குப் பிளாஸ்டிக் உறை போட மறக்காதீர்கள். சார்ஜிங் பின் துருப்பிடித்து வரும் போன்களில் டெலிவரி தம்பிகளுடையதுதான் எனக்கு அதிகம்.

கேள்வி: கையில் 2,500 கட்டி மிச்சத்தை தவணையில் கட்டலாம் என்கிறார்கள். தவணை தவறினால் போனே லாக் ஆகிவிடும் என்று கேள்விப்பட்டேன், நிஜமா?
– விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: நிஜம்தான் அக்கா. தவணையில் கொடுக்கும் போன்கள் பலவற்றில் ஒரு லாக் ஆப்பை ஏற்றியே கொடுக்கிறார்கள், தேதி தாண்டினால் திரை பூட்டிக்கொள்ளும். கையெழுத்துப் போடும் முன் மொத்தமாக எவ்வளவு கட்டுவீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். 10,000 ரூபாய் போன், முன்பணம் 2,500, மாசம் 1,150 வீதம் எட்டு மாசம் என்றால் 11,700 ஆகிறது. அதற்கு மேல் பிராசஸிங் கட்டணம் தனி. "வட்டியே இல்லை" என்று சொன்னாலும் இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள், வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அதே 1,700 ரூபாயை நேரடியாகப் போட்டு நல்ல போனாக வாங்கியிருக்கலாம். வேறு வழியே இல்லை என்றால் தவணைத் தேதியை உங்கள் சம்பளத் தேதிக்கு அப்புறம் வருகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். லாக்கை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள், போனும் போகும், உள்ளே இருப்பதும் போகும், கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

கேள்வி: புதுப் போனில் யூடியூப் தெளிவாக வருகிறது, ஓடிடியில் படம் மட்டும் மங்கலாக இருக்கிறது. போன் கோளாறா?
– நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கோளாறு இல்லை. ஓடிடிக்காரர்கள் நகல் எடுக்காமல் இருக்க வைட்வைன் என்ற பூட்டு வைத்திருக்கிறார்கள். அதில் எல்1 சான்று வாங்கிய போனுக்குத்தான் எச்டி தருவார்கள். எல்3 என்றால் 480பி அளவோடு நிறுத்திவிடுவார்கள். அப்டேட் வந்தால் மாறலாம், பெரும்பாலும் மாறாது. மலிவு போன்களில் திரையே பெரும்பாலும் 720பிதான் என்பதால் நீங்கள் இழப்பது ரொம்ப அதிகமில்லை, ஆனால் படம் பார்க்கத்தான் போன் என்று வாங்குகிறவர்கள் முன்னாலேயே கேட்க வேண்டிய விஷயம் இது.

கேள்வி: 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று ஒரு காலத்தில் பேப்பரில் வந்ததே? 251க்கு முடியும் என்றால் இப்போது ஏன் எட்டாயிரம்?
– சேலத்திலிருந்து ஒரு மூத்த வாசகர்

பதில்: முடியவில்லை ஐயா. 2016 பிப்ரவரியில் நொய்டாவைச் சேர்ந்த ரிங்கிங் பெல்ஸ் என்ற கம்பெனி ஃப்ரீடம் 251 என்று அறிவித்தது, முன்பதிவு ஆரம்பித்த அன்றே இணையதளம் திணறி நின்றது. பத்திரிகைக்காரர்கள் கையில் கொடுத்த மாதிரிப் போனில் வேறொரு கம்பெனியின் பெயரை வெள்ளைப் பூச்சால் மறைத்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். மறு வருஷம் மோசடிப் புகாரில் அதன் இயக்குநர் கைதானார்.

ஒரு போனில் திரை, பேட்டரி, மெமரி, சிப் என்று தனித்தனியாக விலை இருக்கிறது, எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. 2014 செப்டம்பரில் கூகுளே முன்னால் நின்று மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் மூன்று கம்பெனிகளை வைத்து ஆண்ட்ராய்டு ஒன் போன்களைக் கொண்டுவந்தபோதும் விலை 6,399 ரூபாயிலிருந்துதான் ஆரம்பித்தது. 2021 தீபாவளிக்கு ஜியோவும் கூகுளும் சேர்ந்து போட்ட ஜியோபோன் நெக்ஸ்ட் 6,499. இப்போது இன்னும் கஷ்டம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை வாரிக்கொள்வதால் 2025 கடைசியிலிருந்து மெமரி விலை ஏறிவிட்டது, மலிவு போனில் மொத்தச் செலவில் மெமரிக்குத்தான் பெரிய பங்கு என்பதால் அடி முதலில் அங்கேதான் விழுகிறது. போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய விலையையே நினைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். அதைவிட முக்கியமாக, அதே விலைக்கு அதே பெயரில் தருகிறார்கள் என்றால் ரேமைக் குறைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

கேள்வி: இரண்டு வருஷம் முன்பு வாங்கிய 7,500 ரூபாய் போன் ஆமை மாதிரி போகிறது. புதுசு வாங்கச் சொல்கிறார்கள்.
– தேனியிலிருந்து ஒரு வாசகி

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஸ்டோரேஜில் கால்வாசியாவது காலி செய்யுங்கள், வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் பக்கம் போனால் எந்த குரூப் எவ்வளவு அடைத்திருக்கிறது என்று காட்டும், அங்கிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு வாரத்தில் தேறவில்லை என்றால் படங்களையும் நம்பர்களையும் எடுத்து வைத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். வாட்ஸ்அப் பேக்கப் எடுத்தீர்களா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள், இதில் அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பின் மூடி லேசாக மேலே எழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது, அதை அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டுபோய் மாற்றுங்கள். இவ்வளவும் செய்தால் பாதிப் போன்கள் இன்னும் ஒரு வருஷம் ஓடும்.

கேள்வி: தாத்தாவுக்கு 78 வயது, டச் போன் வேண்டவே வேண்டாம் என்கிறார். கட்டாயப்படுத்தலாமா?
– புதுக்கோட்டையிலிருந்து ஒரு பேத்தி

பதில்: வேண்டாம்மா, அவருக்குப் பட்டன் போனே இருக்கட்டும். பணம் அனுப்ப வேண்டி வந்தால் பட்டன் போனிலிருந்தே யூபிஐ அனுப்பும் வசதியை, 123பே என்று, 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கி வைத்திருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். தாத்தாவிடம் இருப்பது ஜியோ சிம் என்றால் சாதாரண 2ஜி பட்டன் போனில் அது வேலை செய்யாது, ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. 4ஜி பட்டன் போன் என்று கேட்டு வாங்குங்கள், பட்டன் எழுத்து பெரிதாக இருக்கிறதா, ரிங் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கிறதா என்று கடையிலேயே தாத்தாவை வைத்துக்கொண்டு பாருங்கள்.